அக்காவும் நானும் தஞ்சாவூர் போனது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நடுவில் உட்கார்ந்து நெய்வது அப்பா. ஓரத்தில் இருந்து கரை இழை சுற்றிய கரை நாடாவைத் தள்ளிக்கொடுப்பது அக்கா. அவளைக் கட்டிக்கொடுத்ததும் அதே தெருவில்தான் என்பதால், காலையில் வந்து உட்கார்ந்து சாயங்காலம் தன் வீட்டுக்குப் போவாள். அவள் எழுந்தால் தறி நிற்கும்.

அந்த ஆனி மாதம் எனக்கு இரண்டு கடிதங்கள் ஒரே வாரத்தில் வந்திருந்தன. ஒன்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனி அனுப்பிய வேலை உத்தரவு. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் நிற்கும், ஏறிக்கொள்ள வேண்டும். இன்னொன்று தஞ்சாவூரில் பல்கலைக்கழக நேர்காணலுக்கு. சுவடியியலில் முதுகலை. வெள்ளிக்கிழமை எழுத்துத் தேர்வும் நேர்காணலும், சனிக்கிழமை காலை பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால் தஞ்சாவூர். இல்லாவிட்டால் வேன்.

"ஓலையப் படிச்சி என்னாடா பண்ணுவ? ஜோசியமா?" என்றாள் அம்மா.

அம்மா கேட்டதில் தவறில்லை. எங்கள் தெருவில் ஓலையைப் பார்த்த எல்லோரும் ஜோசியக்காரரிடம்தான் பார்த்திருக்கிறார்கள். நானே கல்லூரி மூன்றாம் ஆண்டில், வரலாற்றுத் துறைக்கு யாரோ கொண்டுவந்து ஒருநாள் வைத்த கண்காட்சியில்தான் முதலில் பார்த்தேன். விரல் அகல ஓலையில் மயிரிழை போல எழுத்து. வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும்வரை நின்றிருந்தேன். இதைப் படிப்பதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்று பேராசிரியர் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடப் படி ஏறாதவர்கள். அக்கா ஐந்தாவதோடு நின்றவள். அவர்களிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல், "நல்ல படிப்புமா" என்று மட்டும் சொன்னேன்.

நான் தனியாகப் போய்விட்டு வருகிறேன் என்றதற்கு அக்காதான் குறுக்கே வந்தாள்.

"இவன் வழி கேக்கவே வெக்கப்படுவான். நானும் போறேன்."

"தறி?" என்றார் அப்பா.

"ரெண்டு நாள் நின்னா தறி ஒண்ணும் அழுவாதுபா."

அப்பா எழுந்தார். ஓரத்துப் பலகையில் இருந்த கரை நாடாவை எடுத்துச் சுவர் மாடத்தில் வைத்தார். அதுதான் சம்மதம்.

செங்கல்பட்டில் ரயில் மாறினோம். கும்பகோணத்துக்குக் கொஞ்சம் முன்னால் விடிந்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். ஒரு பாலம், அதன் கீழே தண்ணீர். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பாலம், அதன் கீழேயும் தண்ணீர். எங்கள் பாலாற்றில் லாரிக்காரர்கள் விட்டுவைத்த மணலைத்தான் பார்த்திருக்கிறோம்.

"இன்னாடா இது, ஆத்துல ஆறு ஓடுது," என்றாள். எதிர் சீட்டில் இருந்தவர் செய்தித்தாளை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே இருந்தது. ஆட்டோக்காரர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

"எந்த ஊரும்மா?"

"காஞ்சிபுரம்."

"பட்டு ஊரா. எங்க பக்கமும் நெய்யிறாங்களே, திருபுவனத்துல. விசிறி மடிப்பு போடுவாங்க பாருங்க, பிரிச்சா அப்படியே விசிறியாட்டம் விரியும்."

"மடிப்பு நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுவாங்க," என்றாள் அக்கா. "சேலையத்தான் பாக்கணும்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "சரிதான். ஊரு பேர விட்டுக்குடுக்க மாட்டீங்க போல."

வாசலைத் தாண்டியதும் மரம், மரத்தைத் தாண்டி மரம். நடுநடுவே தள்ளித் தள்ளிக் கட்டடங்கள். எனக்குத் தெரிந்த கல்லூரி என்பது பஸ் ஹாரன் வகுப்புக்குள் கேட்கிற இடம். இங்கே ஒரு மயில் தார்ச்சாலையைக் கடந்து போனதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் கல்வெட்டிலிருந்து மைப்படி எடுத்த ஒரு தாளைப் புல்லில் விரித்து, நான்கு மூலைக்கும் செருப்பை வைத்துவிட்டு, ஒரு வரிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுவிட்டேன். படித்த ஆட்கள் இப்படி ஒரு வரிக்காகக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"வாய மூடுடா, ஈ பூந்துரும்," என்று அக்கா முதுகில் தள்ளினாள்.

எழுத்துத் தேர்வு பதினொரு மணிக்குள் முடிந்தது. பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் போன பெண் வெளியே வந்து, "படிக்கிறதுகூடப் பரவால்ல. கட்டுறதுதான் கஷ்டம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். எதைக் கட்டுவது என்று கேட்பதற்குள் என் முறை வந்துவிட்டது.

அறைக்குள் ஒருவகைப் புல்லெண்ணெய் வாசனை. பூச்சி அண்டாமல் இருக்க ஓலைகளுக்குத் தடவுவார்களாம். பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. இரும்பு அலமாரிகளில் சுவடிக் கட்டுகள் வரிசை வரிசையாகச் சிவப்புத் துணியில் பொதிந்து கிடந்தன. கதவிடுக்கில் தெரிந்த அளவே எங்கள் தெருவில் இருக்கிற மொத்தக் காகிதத்தைவிட அதிகம். இதெல்லாம் இன்னும் யாரும் படித்து முடிக்காதது என்று நினைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியைக்கு அறுபதை ஒட்டி இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். என் முன்னால் ஒரு சுவடியை வைத்தார்கள்.

"பயிற்சிச் சுவடிதான். பயப்படாம அவிழுங்க. ரெண்டு வரி படிச்சுட்டுத் திரும்பக் கட்டுங்க," என்றார் பேராசிரியை.

மேலும் கீழும் மரச்சட்டம், நடுவே ஓலைகள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் துளை. துளை வழியே ஒரு பருத்திக் கயிறு. கயிறு நழுவிவிடாமல் அதன் நுனியில் கிளிமூக்கு மாதிரி வெட்டிய ஓலைத்துண்டு முடிந்திருந்தது. அவிழ்த்தேன். முதல் வரியைப் படித்தேன். மருந்து ஏதோ அரைக்கிற முறை. இரண்டாவது வரியின் நடுவில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.

"இது தெரியல மேடம்."

"ஊகிச்சுச் சொல்லுங்களேன்."

"மருந்துங்களே மேடம். ஊகிச்சா தப்பாயிடும்."

வலப்பக்கம் இருந்தவர் தாளில் எதையோ எழுதினார். நல்லதா கெட்டதா தெரியவில்லை. "சரி, கட்டுங்க," என்றார் பேராசிரியை.

ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டிச் சேர்த்து, சட்டத்தை வைத்து, கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மூன்றாம் சுற்றில் கயிறு அறுந்தது.

இழை அறுந்தால் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எந்தக் கை அருகில் இருக்கிறதோ அந்தக் கை போகும். முடிச்சுப் போட்டால் தறி அச்சின் பல்லில் மாட்டும், அதனால் முடிச்சும் கிடையாது. நுனியை நாக்கில் ஒற்றி, பிரியைப் பிரித்து, இரண்டு நுனியையும் ஒன்றுக்குள் ஒன்று விட்டு, கட்டைவிரலால் ஒரே உருட்டு. பிரி போடுவது என்போம், பேச்சை நிறுத்தாமலே செய்கிற வேலை அது. அன்றைக்கும் கை அதைத்தான் செய்தது. அறுந்த நுனி வாய்க்குப் போனது, நனைந்தது, இன்னொரு நுனியோடு சேர்ந்தது, உருண்டது. இழுத்துப் பார்த்தேன், பிடித்திருந்தது. சுற்றி, கிளிமூக்கில் செருகி, நிமிர்ந்து பார்த்தேன்.

மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, வாயில வச்சீங்களா?" என்றார் பேராசிரியை.

"ஆமாங்க மேடம்." அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "தெரியாம... கை போயிடுச்சு."

"ஓலையில எச்சில் ஆகாது. பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும். அந்த அறையில இருக்குறதுல பாதி, சுவடி வச்சிருந்தவங்க வாரிசுகள் பத்திரமா இருக்கட்டும்னு மாட்டுக்கொட்டகையில போட்டு வச்சது. அதையெல்லாம் சுத்தம் பண்ணிக் கொண்டுவந்து சேர்த்திருக்கோம்." அவர் குரல் உயரவில்லை. மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, நான் சேர்த்த கயிற்றை வெட்டி எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். புதுக் கயிறு ஒரு முழம் என் முன்னால் வைத்தார். "இதையும் அறுத்துக்குங்க. எச்சில் இல்லாம அதே மாதிரி சேர்த்துக் காட்டுங்க."

"சாம்பல் இருந்தா விரல் வழுக்காது மேடம்," என்றேன். தறியில் பாவு நூலைப் பிணைக்கும்போது சாம்பலைத் தொட்டுக்கொள்வோம், அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன்.

"சாம்பலும் ஆகாது," என்றார் இடப்பக்கம் இருந்தவர். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வெறும் விரலால் உருட்டினேன். இழுத்ததும் விட்டுவிட்டது. திரும்பவும் பிரியைப் பிரித்து, இன்னும் நீளமாக உள்ளே விட்டு, மெதுவாக உருட்டினேன். உள்ளங்கை வியர்த்திருந்தது, அது படக்கூடாது என்று சட்டையில் துடைத்துத் துடைத்து உருட்டினேன். இந்தத் தடவை ஒருமாதிரி நின்றது. பேராசிரியை அதை இழுத்துப் பார்க்கவே இல்லை. "சரி, போகலாம். நாளைக்குப் பத்து மணிக்குப் பட்டியல்," என்றார்.

அக்கா வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள். சொன்னேன்.

"எச்சி வெச்சியா?"

"ம்."

"அவங்க எதிர்லயே?"

"ஆமாங்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உன்னச் சொல்லி குத்தம் இல்லடா. நடக்கறதுக்கு முன்னாடியே பிரி போடக் கத்துக்கினவன் நீ." என் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் நிறுத்தினாள். "சரி வா. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் இங்கயே குந்திக்கினு இருந்தா பேரு வந்துருமா? ஊரப் பாக்கலாம்."

வேன் வந்து நிற்பது கண்ணுக்குள் தெரிந்துகொண்டே இருந்தது. அந்த மனசோடுதான் தஞ்சாவூரைப் பார்த்தேன். ஆனாலும் அந்த ஊர் என்னை விடவில்லை.

அரண்மனையில் தர்பார் மண்டபத்துக்குப் போனோம். தூணெல்லாம் வண்ணம். மேலே அண்ணாந்தால் கூரையிலும் வண்ணம். காரை வெடித்த இடங்களில்கூட நிறம் மட்டும் இன்னும் தெரிந்தது. அக்கா நிறங்களைத்தான் பார்த்தாள். "அந்தப் பச்சையப் பாரு. கிளிப்பச்சையும் இல்ல, இலைப்பச்சையும் இல்ல. சாயக்காரர்கிட்ட போட்டோ காட்டினா போடுவாரா?" என்று செல்போனில் நாலு கோணத்தில் எடுத்தாள். பக்கத்திலேயே பழைய நூலகத்தின் காட்சிக்கூடம். கண்ணாடிக்குள் ஒரு ஓலை, அரிசிமணி அளவில்கூட இல்லாத எழுத்து. அக்கா குனிந்து, நெற்றி கண்ணாடியில் படுகிற அளவுக்குப் பார்த்தாள்.

"எழுதினவன் கண்ணு இன்னா கண்ணுடா. நமக்கு ஜரிகை இழை எடுக்கவே ட்யூப் லைட்டு வேணும். இவனுக்கு இன்னா இருந்திருக்கும்? வெளக்கு."

"பகல்ல எழுதியிருப்பாங்க."

"பகல்னாலும்," என்றாள். அங்கிருந்து நகர அவளுக்கு ரொம்ப நேரமானது.

வெளியே டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் முந்தின நாள் கேட்ட ஒரு நாதஸ்வரத்தைப் பற்றித் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆள் எந்த இடத்தில் மூச்சு வாங்கினான் என்பதுதான் வழக்கு. ஒருவர் வாங்கவே இல்லை என்றார். மற்றவர், "நீ தூங்கியிருப்ப. அவன் வாங்கத்தான் வாங்கினான், உனக்குக் கேக்கலைன்னா அதுதான்யா வித்தை," என்றார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "ரெண்டு இடத்துல வாங்கினான். நான் எண்ணுனேன்," என்றார். டம்ளரில் ஊற்றாமலே அந்த இடம் வரைக்கும் வாயால் வாசித்துக் காட்டினார். நாங்கள் டீக்காகக் காத்திருந்தோம். எனக்குக் கோபமே வரவில்லை. இந்த ஊரில் இரண்டு வருஷம் இருந்தால் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். உடனே எச்சில் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் பெரிய கோயில். கோயில் எங்களுக்குப் புதிதில்லை. காஞ்சிபுரத்தில் பால் வாங்கப் போனால் இரண்டு கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனாலேயே நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது. இரண்டாவது வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அக்கா அப்படியே நின்றாள். சாயும் வெயிலில் விமானம் முழுக்கச் செம்பட்டு நிறம். நந்தியைத் தாண்டிப் போகிறவர்கள் எறும்பு போலத் தெரிந்தார்கள். அவள் கும்பிடவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நெய்து முடித்த சேலையில் கரை நேராக வந்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள்.

"இழுப்பே இல்லடா," என்றாள். "ஒரு எடத்துலகூட இழுப்பு இல்ல." இழை கூடக் குறைய இழுபட்டுக் கரை கோணுவதுதான் இழுப்பு. அது இல்லை என்று ஒரு சேலையைப் பற்றி அவள் சொல்லி நான் இரண்டு மூன்று தடவைதான் கேட்டிருக்கிறேன்.

விமானத்தைச் சுற்றி அடித்தளமெல்லாம் எழுத்து. எங்கள் ஊர்க் கோயில் ஒன்றில் மணற்கல், விரல் வைத்தால் உதிரும். இங்கே கருங்கல், நேற்று வெட்டியது போல விளிம்பு கூராக இருந்தது. தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து படித்துக்கொண்டு போனேன். இந்தக் கோயிலில் ஆடுவதற்குப் பல ஊர்களிலிருந்து வரவழைத்த பெண்களின் பெயர்களையும், அவர்களுக்கு எந்தத் தெருவில் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று கல்லூரியில் படித்திருந்தேன். அக்காவிடம் சொன்னேன்.

"வீட்டு நம்பரோடவா? ரேஷன் கார்டு மாதிரி?"

"ஆமாங்கா."

"இத்தன வருஷம் கழிச்சி யாரோ ஒரு பொண்ணு எந்த வீட்ல இருந்தான்னு தெரியுது. எங்க மாமியாருக்கு அவங்க பொறந்த வருஷமே தெரியாது." குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்தாள். "அவங்க கட்டிக்கினு ஆடின துணிய நெய்ஞ்சவங்க பேரு எழுதியிருக்குதா?"

"தெரியலக்கா. தேடிப் பாக்கணும்."

"நாளைக்குப் பேரு வந்தா தேடு. வரலன்னா?"

"வேன்லதான்."

"வேன்ல போனா தேடக்கூடாதுன்னு சட்டமா?" என்றவள், சொன்னதைத் தானே நம்பாதவள் போல, "பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கினே வேல. வந்து எங்க தேடறது," என்றும் சொன்னாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவளுக்கும் உள்ளே அடித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று. காலையிலிருந்து சிரித்ததெல்லாம் எனக்காகச் சிரித்தது.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் ஒன்பது மணிக்கே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டோம். பத்தரைக்கு ஒருவர் வந்து பலகையில் தாளை ஒட்டினார். எல்லாரும் முண்டினார்கள். நான் பின்னாலேயே நின்றேன். அக்கா இரண்டு பெண்களுக்கு நடுவில் தோளைக் கொடுத்து உள்ளே போய், விரல் வைத்து ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டினாள். பின்னாலிருந்து ஒருவன், "அக்கா கொஞ்சம் சீக்கிரம் படிங்க," என்றான். "இரு தம்பி, அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன்," என்று அவள் திரும்பாமலே சொன்னாள். கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள், விரலை மட்டும் அங்கேயே வைத்திருந்தாள்.

சேர்க்கைத் தாள் வாங்க உள்ளே போனபோது பேராசிரியை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"முதல் மாசம் உங்களுக்குச் சுவடி கிடையாது. வெறும் சட்டமும் கயிறும்தான். கட்டணும், அவிழ்க்கணும்."

"சரிங்க மேடம்."

"தெரியாததைத் தெரியலன்னு சொன்னீங்க. அதுக்குத்தான் பேர் வந்திருக்கு. கயிறுக்கு இல்ல." அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். சொன்னேன். மறுமுனையில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது.

"ரெண்டு வருசமா?" என்றார்.

"ஆமாம்பா."

"அங்க சோறு எப்படி?"

"நல்லா இருக்குதுபா."

"அக்காவ நாளைக்கு வந்துரச் சொல்லு," என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

வேன் டிரைவர் எங்கள் தெருக்காரர், அவர் எண் என்னிடம் இருந்தது. எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"திரும்ப ஒரு தபா போய் பேரப் பாத்துட்டு வா. அப்பறமா போன் பண்ணு."

"நீதான பாத்த?"

"நான் பாத்தேன். நீ பாக்கலயே."

போனேன். பலகை முன்னால் இப்போது யாரும் இல்லை. கடைசிக்கு முந்தின வரியில் என் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. எழுத்தெழுத்தாகப் படித்தேன். அங்கேயே நின்று போன் செய்தேன்.

"அண்ணா, திங்கக்கெழம எனக்காக நிக்க வேணாம்."

"ஏம்பா, ஒடம்பு சரியில்லயா?"

"இல்லண்ணா. நான் வரல. தஞ்சாவூர்ல படிக்கப்போறேன்."

"அப்போ உன் சீட்டு அடுத்த தெருப் பையனுக்குக் குடுத்துருவேன். ஒரு மாசம் கழிச்சி வந்து நிக்காத. அப்பறம் எடம் இருக்காது."

"குடுத்துருங்கண்ணா," என்றேன்.